டபுள் கெப்புக்கு ரேடியேட்டர் மாற்றுவது: கழற்றுவது முதல் காற்று எடுப்பது வரை

ஆமர் வீதிச் சந்தியில் முக்கால் மணி நேரம் நின்றபோதும் அசையாமல் கிடந்த வெப்பமானி முள், கடுகண்ணாவ ஏற்றத்தில் பாதி ஏறியதும் சிவப்பைத் தொட்டது. பின்னால் ஒரு தொன் சாமான். ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஒருமாதிரி ஓரங்கட்டினோம். பொனட்டைத் தூக்கினால், ரேடியேட்டருக்குள் ஊற்றும் கூலன்ட்டுக்கே உரிய அந்த இனிப்பு வாசம் இல்லை. வெறும் நீராவியும் துரு நாற்றமும்தான். நோய் என்னவென்று அந்த மணமே சொல்லிவிட்டது, எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை.

அந்த ரேடியேட்டர் போட்டு இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. போட்டுத் தந்த கராஜில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அதற்கு மேல் நாங்கள் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். பழி பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. அடுத்த ரேடியேட்டரை நானும் தம்பியும் மட்டக்குளியில் வீட்டு வாசலில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். கழற்றிப் பூட்டும் வேலை மூன்று மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. ரேடியேட்டர் சாவது அங்கேதான்.

இங்கே சொல்வது ஹைலக்ஸ், டி-மெக்ஸ், எல்200, நவாரா போன்ற 2.5 முதல் 3 லீற்றர் வரையான டீசல் பிக்அப்களுக்குப் பொருந்தும். எஞ்சின் நீளவாட்டில் இருக்கும், விசிறியை பெல்ட் சுழற்றும், ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கொண்டென்சர் நிற்கும். நட்டு, போல்ட்டின் இடங்கள் வண்டிக்கு வண்டி மாறும், ஒழுங்கு மாறாது.

முதலில் குற்றவாளி ரேடியேட்டர்தானா என்று பாருங்கள்

வண்டி சூடேறுகிறது என்றதும் ரேடியேட்டரைக் கைகாட்டுவது நம் ஊர் வழக்கம். எப்போது சூடேறுகிறது என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். நெரிசலில் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். விசிறியின் நடுவே இருந்து, சூட்டுக்கேற்ப அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஸ்கஸ் கிளட்சைப் பாருங்கள். நெரிசலில் ஒன்றும் இல்லை, ஏற்றத்திலோ வேகமாகச் சுமையோடு ஓடும்போதோதான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைபட்டிருக்கக் கூடும். எங்கள் வண்டியின் கதை அதுதான். இரண்டிலும் ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், வோட்டர் பம்ப் போயிருக்கலாம். எஞ்சினின் பிளாக்குக்கும் மேல்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற பெரிய செலவாகவும் இருக்கலாம்.

விஸ்கஸ் கிளட்சுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் நின்று ஆறியிருக்கும்போது விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல ஒரு இழுவை தெரிய வேண்டும். சைக்கிள் சில்லு மாதிரித் தானாகச் சுற்றிக்கொண்டே போனால் அதற்குள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் வெளியே போய்விட்டது. நடுப்பகுதியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும்.

ஹெட் கேஸ்கட்டை சந்தேகித்தால், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டியில் ஹோஸ் கல்லாக இருந்தால், எஞ்சினில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணும்போது விடாமல் குமிழி வந்தாலும் அதுதான். எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ரேடியேட்டர் வாங்க வைத்திருக்கும் காசை மெக்கானிக்குக்கு எடுத்து வையுங்கள்.

ஒட்டோமெட்டிக் கியர் வண்டிக்காரருக்கு இன்னொன்று. கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிரச் செய்யும் குழாய் பெரும்பாலும் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேதான் ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் ஒயிலும் கூலன்ட்டும் கலந்து, ஐஸ் உருகிய பலூடா மாதிரி இளஞ்சிவப்பாக நுரைக்கும். கியர் டிப்ஸ்டிக்கிலோ ரேடியேட்டர் வாயிலோ அந்த நிறத்தைக் கண்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதே நல்லது, ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சைத் தண்ணீர் உரித்துவிடும்.

கடைசியாக, கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, தூசி, சேறு, பொலித்தீன் துண்டு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். சில வண்டிகளுக்கு அதைக் கழுவுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

சின்ன மூடியின் பெரிய வேலை

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். அது பார் அளவிலான அழுத்தம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1.1 பார் மூடியின் கீழே ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போகும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மலைநாட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இது இரட்டை அடி. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த தண்ணீர் 94 பாகைக்கே கொதித்துவிடும். டீசல் எஞ்சின் சாதாரணமாகவே 80க்கும் 95க்கும் இடையில் ஓடுகிறது. பழுதான மூடியோடு அங்கே ஏறினால் வேறு குறை ஏதும் இல்லாமலே கொதிக்கலாம். மூடி மலிவு. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். எண் மாறக் கூடாது. "கொஞ்சம் பலமாக இருக்கட்டும்" என்று 0.9க்குப் பதில் 1.1 போட்டால் அடுத்து வெடிப்பது பிளாஸ்டிக் தொட்டியாக இருக்கும்.

பஞ்சிகாவத்தையில்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிடும் வரை நாட்டில் இருந்த வண்டிகளை வைத்தே எல்லாரும் ஓட்டினோம். அதனால் இன்று தெருவில் ஓடும் கெப்களில் பெரும்பங்குக்கு வயது ஏறிவிட்டது. பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கும் வயதும் அதுவே.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான் முதலில் போய் நின்ற கடையில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னேன். கடைக்கார நானா தலையைத் தூக்காமலே கேட்டார்: "மெனுவலா, ஒட்டோவா?" மெனுவல் என்றேன். "செஸி நம்பர் கொண்டு வந்தீங்களா தம்பி? வருஷத்த வச்சி சாமான் குடுத்தா, நாளைக்கு நீங்க திரும்பி வருவீங்க, நான் திரும்ப எடுக்க மாட்டன்." வீட்டுக்குப் போய், பழைய ரேடியேட்டரின் படத்தையும் அளவையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். ஒரே மொடலிலேயே கோரின், அதாவது குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதியின், தடிப்பு மாறும். 16 மில்லிமீற்றரும் உண்டு, 26ம் உண்டு, அதற்கு மேலும் உண்டு. ஒட்டோ வண்டிக்குக் கீழ்த் தொட்டியில் ஒயில் குழாய்க்கான இரண்டு வாய்கள் இருக்கும். கோரின் உயரம், அகலம், தடிப்பு, ஹோஸ் வாய்களின் விட்டம், அவை எந்தப் பக்கம் என்பது, பிடிக்கும் காதுகளின் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள்.

எதை வாங்குவது? பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர்தான் இப்போது சாதாரணம். செம்பு, பித்தளையில் செய்தது கனமும் விலையும் கூட, ஆனால் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். கரடுமுரடான பாதையில் குலுங்கி ஓடும் வண்டிக்கு நல்ல செம்புக் கோர் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடுவதற்கு அலுமினியம் போதும். ரிகண்டிஷன் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டரை மட்டும் வாங்காதீர்கள். கதவோ கண்ணாடியோ வாங்கலாம். பிளாஸ்டிக் எத்தனை ஆயிரம் முறை சூடாகி ஆறியது என்பதை யாரும் மேலால் பார்த்துச் சொல்ல முடியாது.

ரேடியேட்டரோடு சேர்த்து மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கேஸ்கட்டோடு தெர்மோஸ்டாட், மூடி, கிளிப்புகள் வாங்குங்கள். கூலன்ட்டை வண்டியின் கையேடு சொல்லும் வகையிலேயே எடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, ரோஸ் என்பது கம்பனிகள் தங்கள் இஷ்டத்துக்குப் போடும் சாயம். வேறு வேறு வகைகளைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்து, சில வேளை கூழாகவும் மாறும். தண்ணீர் கலந்தே வருகிறதா, செறிவாக வருகிறதா என்பதையும் லேபலில் வாசியுங்கள். செறிவானது என்றால் பாதிக்குப் பாதி பற்றரித் தண்ணீர் (அசிட் அல்ல, தாது நீக்கிய தண்ணீர்) கலக்க வேண்டும். எந்தப் பெற்றோல் செட்டிலும் கிடைக்கும்.

தண்ணீரைப் பற்றி, ஏனென்றால் எல்லாம் அதில்தான்

"கொழும்பில பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" இந்தக் கேள்வியை நானே பல வருடம் கேட்டிருக்கிறேன். உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. நமக்கு வேண்டியது அதன் மற்ற வேலைகள்: கொதிநிலையை உயர்த்துவது, அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் உள்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். ரேடியேட்டரின் உள்குழாய் என்பது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி உள்ள தட்டையான குழாய். கேத்திலில் படிவது அதில் படிந்தால் என்ன மிஞ்சும்? எங்கள் பழைய ரேடியேட்டரைக் கழற்றிய பிறகு ஒரு பக்கத் தொட்டியைப் பிரித்துப் பார்த்தோம். குழாய் வாய்கள் வரிசையாக வெள்ளை அடைத்துக் கிடந்தன. தம்பி ஒரு ஈர்க்கை விட்டுப் பார்த்தான், மூன்றில் ஒன்றுக்குள்தான் போனது.

கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு இல்லை. ஆனாலும் குளோரின் இருக்கிறது, அரிப்பைத் தடுக்க ஒன்றும் இல்லை. வழியில் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், எஞ்சின் உருகுவதைவிட அது மேல். வீடு வந்ததும் வடித்துவிட்டு முறையாக நிரப்ப வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் எப்போதும் மறந்துவிடுகிறோம்.

கழற்றுதல்

முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொரு கராஜிலும் ஒருவர் இருப்பார்.

10, 12, 14 மில்லிமீற்றர் சொக்கட்டும் நீளமான எக்ஸ்டென்ஷனும், ஸ்பிரிங் கிளிப்புக்கு ஒரு வாய் அகன்ற பிளையரும், பழைய பேசினும், அளவுக் கோடு போட்ட கேனும், இரண்டு பெரிய கார்ட்போர்ட் துண்டுகளும் போதும். பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். ஏசிக்கென்று முன்னால் மின்விசிறி உள்ள வண்டி என்றால் கை உள்ளே இருக்கும்போது அது சுற்ற ஆரம்பிக்கக் கூடாது.

அடித்தகட்டைக் கழற்றி, பேசினைக் கீழே வைத்து, வடிகால் திருகைக் கையால் திறந்து, பிறகு மேல் மூடியைத் திறவுங்கள். திருகு பிளாஸ்டிக், பிளையரைப் போட்டால் உடையும். திறக்க மறுத்தால் விட்டுவிட்டு கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள். எவ்வளவு வந்தது என்று கேனில் ஊற்றி அளந்து எழுதி வையுங்கள். எங்களுக்கு 6 லீற்றர் வந்தது. எஞ்சின் பிளாக்கில் உள்ள வடிகாலையும் திறந்தபோது இன்னும் 2 லீற்றர். இந்தக் கணக்கு நிரப்பும்போது கைகொடுக்கும்.

வடித்ததைத் தெருக் கானில் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெயோடு கலக்காமல், சேர்விஸ் ஸ்டேஷனில் கேட்டு ஒப்படையுங்கள்.

அடுத்து ஹோஸ். கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஹோஸை மெதுவாக முறுக்குங்கள். வருடக்கணக்காக ஒட்டிப்போனது வராது. அப்போது ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பத் தோன்றும். ரேடியேட்டர் பக்கத்தில் நெம்பினால் கவலையில்லை, அது குப்பைக்குத்தான் போகிறது. எஞ்சின் பக்கத்து அலுமினிய வாயில் கீறல் விழுந்தால் புது ஹோஸும் அந்தக் கீறல் வழியே கசியும். பிளேட்டால் ஹோஸை நீளவாட்டில் மெல்லக் கீறி உரித்துவிடுங்கள். எப்படியும் புது ஹோஸ்தானே போடப் போகிறீர்கள்.

விசிறியில் ஒரு சூட்சுமம் உண்டு. பல வண்டிகளில் விசிறி 4 சிறு நட்டுகளால் வோட்டர் பம்ப் புலியில் (பெல்ட் ஓடும் சில்லில்) பூட்டியிருக்கும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அந்த நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு முயன்றால் நட்டோடு சேர்ந்து புலியும் சுற்றும், பிடிக்க மூன்றாவது கை வேண்டும். சில வண்டிகளில் நடுவே ஒரே பெரிய நட்டு இருக்கும். அதன் புரி இடமா வலமா என்று கையேட்டில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்களைக் கழற்றி, விசிறியையும் கூட்டையும் ஒன்றாகவே மேலே தூக்குங்கள். தனித்தனியாக எடுக்க இடம் விடாது. தூக்கும்போது கார்ட்போர்டை கோருக்கு முன்னால் செருகி வையுங்கள். கழற்றிய விசிறியைத் தரையில் படுக்கப் போடாமல் ஓடிய நிலையிலேயே நிமிர்த்திச் சாத்துங்கள், படுத்தால் விஸ்கஸ் எண்ணெய் கசியக் கூடும்.

ஒட்டோ வண்டியில் இப்போது கீழே இரண்டு ஒயில் குழாய்களைக் கழற்ற வேண்டும். வழியும் ஒயிலைத் தனிப் பாத்திரத்தில் பிடித்து அளவுங்கள், அதே அளவு, அதே வகை திரும்பப் போக வேண்டும். வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள்.

ஏசி கொண்டென்சர் தனியாக நிற்கிறதா, ரேடியேட்டரில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அதன் போல்ட்களைக் கழற்றி, முன் குறுக்குச் சட்டத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். ஏசிக் குழாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. பொனட்டில் காற்று வாய் உள்ள வண்டிகளில், டேர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சின் மேலேயே இருக்கும், குறுக்கே வராது. வாய் இல்லாதவற்றில் முன்னால் இருக்கும், அதன் ரப்பர்க் குழாயைக் கழற்ற வேண்டி வரலாம். திறந்த வாயை உடனே மூடுங்கள், அதற்குள் ஒரு நட்டு விழுந்தால் அடுத்த நிறுத்தம் எஞ்சின்தான்.

மிஞ்சியிருக்கும் போல்ட்களைக் கழற்றி ரேடியேட்டரை நேர் மேலே தூக்குங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே எட்டிப் பார்த்தபடி. "அண்ணே, கீழ கம்பி ஒண்டு மாட்டுது" என்று தம்பி சொல்லியிருக்காவிட்டால் நான் ஒரு சென்சர் வயரை இழுத்து அறுத்திருப்பேன்.

வெறும் இடத்தில் செய்ய வேண்டியவை

ரேடியேட்டர் வெளியே வந்ததும் எஞ்சினின் முகம் முழுவதும் கைக்கெட்டும். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதிலிருந்து வழிந்த காய்ந்த கறை தெரிந்தால் பம்பின் நாட்கள் எண்ணப்படுகின்றன. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின், அதன் கிலோமீற்றரும் நெருங்கிவிட்டது என்றால் இதே நாளில் மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை இதையெல்லாம் கழற்றும் கூலி மிச்சம்.

கொண்டென்சரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னுக்கு மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாய் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பிளாக்கைக் கழுவ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, தோட்டக் குழாயை மேல் ஹோஸ் வாயில் செருகி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிறகு திசையை மாற்றிக் கீழிருந்து விடுங்கள். எங்களுக்கு முதல் பத்து நிமிடம் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. கடைசியாக பற்றரித் தண்ணீரால் ஒருமுறை அலசினால் நல்லது. இந்தக் கழுவலைச் செய்யாமல் புது ரேடியேட்டரைப் பூட்டுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது போல. அந்தத் துரு முழுவதும் புதுக் குழாய்களுக்குள்தான் போய்ப் படியும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். "நம்ம நாட்டு வெயிலுக்கு அது தேவையில்ல, கழட்டிப் போட்டா குளிரா ஓடும்" என்பது கொழும்பில் எந்தக் கராஜிலும் கேட்கும் வேதவாக்கு. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். சூடு ஏறி வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்கு வழியை மூடி, தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். சாதாரணமாக ஓடும்போது எஞ்சின் தேவைக்கு அதிகமாகக் குளிர்ந்து டீசலைக் குடிக்கும். ஏற்றத்தில் சுமையோடு போகும்போதோ குளிர்ச்சி போதாமல் போகும். எங்களுக்குக் கடுகண்ணாவையில் நடந்ததில் அதற்கும் பங்கிருந்தது.

புதுத் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்காமல் போடாதீர்கள். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் தண்ணீரை வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். உடலில் அடித்திருக்கும் பாகையை நெருங்கும்போது, பெரும்பாலும் 80ஐ ஒட்டி, வால்வு மெல்ல விலகத் தொடங்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் கடைக்குத் திருப்புங்கள். பூட்டும்போது அதில் ஆடும் சின்ன ஊசித் துவாரம் பொதுவாக மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அதுவே. சில எஞ்சின்களுக்குக் கையேட்டில் கோணமே குறித்திருக்கும்.

பூட்டுதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு காதாகப் பாருங்கள். பழையதன் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஸ்பொஞ்ச் பட்டிகளை உரித்துப் புதியதில் ஒட்டுங்கள், நைந்திருந்தால் புது ஸ்பொஞ்ச் வெட்டி ஒட்டுங்கள். காற்று சுலபமான வழியில்தான் போகும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் கோருக்குள் புகாமல் சுற்றிப் போய்விடும். அடி ரப்பர் புஷ்களும் அப்படித்தான். அவை இல்லாமல் இரும்பில் இரும்பு உட்கார்ந்தால், கொழும்புத் தெருக் குழிகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் தொட்டியில் அடிக்கும்.

நேர் மேலிருந்து இறக்கி, எல்லாப் போல்ட்டையும் கையால் இரண்டு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர் வையுங்கள். மணிக்கட்டுப் பலம் போதும். ஹோஸை வாயின் மேட்டைத் தாண்டி முழுவதும் தள்ளி, கிளிப்பை மேட்டுக்குப் பின்னால் இறுக்குங்கள். ஹோஸ் உள்ளே போகக் கிரீஸ், ஒயில் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். கொஞ்சம் கூலன்ட்டே போதும். விசிறியும் கூடும் ஒன்றாக இறங்கட்டும், இறங்கிய பின் விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

நிரப்புதல், காற்று எடுத்தல்

வண்டியின் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். மட்டக்குளியில் மேட்டுக்கு எங்கே போவது? இரண்டு பலகையை முன் சில்லுக்குக் கீழே வைத்து ஏற்றி, பின் சில்லுக்குக் கல் வைத்தோம். ஹீட்டர் உள்ள வண்டி என்றால் திருகைச் சூட்டின் பக்கம் முழுக்கத் திருப்புங்கள், அப்போதுதான் ஹீட்டர் குழாய்க்குள்ளும் கூலன்ட் போகும்.

மெல்ல ஊற்றுங்கள். நின்றதும் மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். களுக் களுக் என்று காற்று வரும், மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றுங்கள். எங்களிடமிருந்து வந்தது 8 லீற்றர், முதலில் உள்ளே போனது ஆறரைதான். மிச்சம் ஒன்றரை லீற்றர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் கணக்குத்தான் சொன்னது.

பற்றரியை மாட்டி, மூடி போடாமலே ஸ்டார்ட் பண்ணுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஐடிலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடேறும், வாயில் மட்டம் குபுக்கென்று இறங்கும். அதை நிரப்பி, குமிழி நின்ற பிறகு மூடியைப் போட்டு, ரிசேவ் டாங்கியை மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ் வரை நிரப்புங்கள். ஒட்டோ வண்டியில் கியர்பொக்ஸ் ஒயிலை மறந்துவிடாதீர்கள்.

டேஷ்போர்டு முள்ளை முழுவதும் நம்ப வேண்டாம். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் 80க்கும் 100க்கும் இடையில் எங்கே நின்றாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். எஞ்சின் கணினியின் தரவை வாசிக்கும் ஓபிடி சொக்கட் உள்ள வண்டி என்றால் ஒரு புளூடூத் ரீடரை வாங்கிப் போனில் உண்மையான பாகையைப் பாருங்கள். 105ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும்.

முதல் மூன்று நாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் கால் லீற்றர் இறங்கியிருந்தது. நிரப்பினோம், மூன்றாம் நாள் அசையவில்லை. கீழ் ஹோஸ் கிளிப்பில் ஒரு ஈரம் தெரிந்தது, அரைச் சுற்று இறுக்கினோம்.

அடுத்த வாரம் அதே சுமையோடு கடுகண்ணாவ ஏறினோம். போனில் 96க்கு மேல் போகவில்லை. திரும்பி வந்ததும் தம்பி பொனட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் பெரிதாக எழுதிவைத்தான், டிரைவர் பார்க்கட்டும் என்று: "கிணத்துத் தண்ணி ஊத்த வேணாம். போத்தல் பின் சீட்டுக்குக் கீழ இருக்கு."